மெஷின் சத்தத்தில் அம்மா பாடிய பாட்டு

அன்புள்ள மகள் பொட்டலத்துக்கு அப்பா எழுதுவது.

இங்கே நான், அம்மா, உன் தம்பி எல்லோரும் சுகம், அங்கே நீயும் மாப்பிள்ளையும் உன் வயிற்றுக்குள்ளே இருக்கிற சின்ன ஆளும் சுகமா என்று கேட்பதுதான் முறை, ஆனால் நீ சுகமாக இல்லை என்பது எனக்குத் தெரியும், அதனால் கேட்காமலே ஆரம்பிக்கிறேன். இந்தக் கடிதம் ஒரு பார்சலுக்குள் வரும். கூடவே நீளமாக ஒரு தலையணை உறை இருக்கும், உள்ளே ஒன்றும் இருக்காது, பிரித்துப் பார்த்துவிட்டு அப்பாவுக்கு மூளை கலங்கிவிட்டது என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிடாதே, அதை எப்படி அடைப்பது என்று பின்னால் எழுதுகிறேன். போனில் சொல்லக்கூடாதா என்று கேட்பாய். போனில் நான் வாயைத் திறந்தாலே அம்மா பக்கத்தில் வந்து நின்று ஸ்பீக்கரில் போடுங்கள் என்பாள், உடனே நீயும் நல்லா இருக்கேன்மா என்று குரலை மாற்றிக்கொள்வாய், அப்புறம் மூன்று பேரும் மழையைப் பற்றிப் பேசிவிட்டு வைத்துவிடுவோம். கடிதத்துக்கு ஸ்பீக்கர் கிடையாது.

நீ அனுப்பின குரல் பதிவைக் கடையின் பின்பக்கம், ஃபோம் அடுக்கி வைத்திருக்கிற மூலையில் உட்கார்ந்து கேட்டேன். அம்மாவிடம் சொல்லாதீங்க என்று முதலிலேயே சொல்லியிருந்தாய், சொல்லவில்லை, இன்றுவரை சொல்லவில்லை. இடுப்பில் பிடித்து, வலது பின்பக்கம் வழியாகத் தொடைக்கு இறங்கி, கெண்டைக்கால் வரை சுரீர் என்று இழுக்கிறது, படுத்தால் புரள முடியவில்லை, மருந்துக் கடையில் கவுன்டருக்குப் பின்னால் நின்று நின்று சாயங்காலம் கால் என்னுடையதாகவே இல்லை என்றாய். மாப்பிள்ளை பேக்கரி வேலைக்கு விடியும் முன்பே கிளம்பிவிடுவதால் கட்டிலை விட்டு எழுந்திருக்கச் சுவர்தான் துணை என்றாய். இதையெல்லாம் கஷ்டமாக இருந்தாலும் கேட்டுக்கொண்டேன். கடைசியில் குரலைத் தாழ்த்தி ஒன்று சொன்னாயே, அதைத்தான் என்னால் கேட்டுக்கொண்டிருக்க முடியவில்லை. அம்மா என்னை வயித்துல வச்சுக்கிட்டுப் பாட்டுப் பாடிக்கிட்டே தைச்சாங்களாம், நான் இதைத் திட்டிக்கிட்டே இருக்கேன்பா, சில நேரம் இது ஏன்தான் வந்துச்சோன்னு தோணிடுது, நானெல்லாம் என்ன அம்மா என்று கேட்டாய். நான் பதிலுக்கு ஒரு ரோஜாப்பூப் படத்தை அனுப்பினேன். அதைப் பார்த்து நீ இன்னும் கொஞ்சம் அழுதிருப்பாய். என்ன செய்வது, உன் அப்பனுக்குக் கை பேசுகிற அளவுக்கு வாய் பேசாது.

அன்றிலிருந்து எனக்கு வேலையில் புத்தி நிற்கவில்லை. சினிமா தியேட்டர்காரர்கள் குஷன் மாற்றித் தரச் சொல்லிப் பின்வரிசை இருக்கைகளை எல்லாம் கழற்றிக் கொண்டுவந்து போட்டிருக்கிறார்கள், கடை முழுக்க நாற்காலி, ஆட்கள் இல்லாமல் ஏதோ படம் ஓடுகிற மாதிரி வரிசையாக ஜன்னலைப் பார்த்து நிற்கின்றன. மத்தியானம் வெயில் சாய்ந்து வரும்போது பழைய பஞ்சுத் தூள் மேலே எழும்பி அந்த வெளிச்சத்தில் மிதக்கும், கீழே இறங்கவே இறங்காது, நானும் ஸ்டேப்ளரைக் கையில் பிடித்தபடி அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தச் சின்ன ஆளும் இப்படித்தானே மிதந்துகொண்டிருக்கும் என்று தோன்றும். உள்ளே வெளிச்சம் வருமா, நீ நடந்தால் அதற்கு ஊஞ்சல் மாதிரி இருக்குமா, நீ பேசுவது தண்ணீருக்கு அடியில் இருந்து கேட்பது மாதிரி கேட்குமா. யாரோ நல்ல வேலைக்காரன் அதற்குச் சுற்றிலும் குஷன் வைத்து அடித்து அனுப்பியிருக்கிறான், தாங்குகிற உனக்குத்தான் ஒன்றும் வைக்கவில்லை. நான் இப்படி நிற்பதைப் பார்த்துவிட்டு உன் தம்பி, அப்பா கண்ணைத் திறந்துக்கிட்டே தூங்குறார் என்று அம்மாவிடம் கோள் சொல்கிறான். அவன் கார் ஓட்டப் பழகுகிறான், அதையும் சொல்ல வேண்டும், நேற்று நம் கடை ஷட்டரை மெதுவாக முட்டிவிட்டு, ஷட்டர்தான் முன்னால் வந்தது என்கிறான்.

அம்மா பாடினாள் என்ற கதையை உனக்குச் சொன்னது அத்தை. அத்தைக்குச் சொன்னது நான். அப்போது கடை சின்னது. நான் நடுவில் மேஜை போட்டு ரெக்சின் வெட்டுவேன், அம்மா ஜன்னலோரம் மெஷினில் உட்கார்ந்து சோபா உறைகளின் ஓரத்தில் பைப்பிங் பட்டை ஓட்டுவாள். அந்தப் பழைய மெஷின் ஓடினால் பக்கத்தில் நின்று கத்தினால்கூடக் கேட்காது. நீ உள்ளே இருந்தாய். அவள் மிதித்துக்கொண்டே இருப்பாள், உதடு அசையும், தலை இப்படியும் அப்படியும் ஆடும், சில சமயம் வயிற்றைக் குனிந்து பார்த்துக்கொள்வாள். பிள்ளைக்குப் பாடுகிறாள் என்று எனக்கு அப்படியே மனசு குளிர்ந்துபோகும். மெஷினை நிறுத்தினால் அவளும் நிறுத்திவிடுவாள், வெட்கப்படுகிறாள் என்று நான் கேட்பதும் இல்லை. அத்தையிடம் சொன்னேன், அத்தையிடம் சொன்ன பிறகு நாம் வேறு யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. கடைசி நாள் வரைக்கும் முகம் சுளிக்காமல் பாடிப் பாடியே பெற்றாள் என்று சொந்தத்தில் யார் உண்டானாலும் அவர்கள் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வருகிறாள்.

உன் வலியைப் பற்றி நான் விசாரித்தது நம் கட்டிடத்து மேல்மாடியில் பிசியோதெரபி பார்க்கிற பெண்ணிடம். அவளுடைய படுக்கை மேஜையின் ரெக்சின் கிழிந்துபோய் என்னிடம் வந்திருந்தது. தெரிந்தவர் ஒருவருக்கு என்றுதான் ஆரம்பித்தேன், உங்க பொண்ணுக்கு எத்தனாவது மாசம் அங்கிள் என்று கேட்டுவிட்டாள். இடுப்பிலிருந்து காலுக்கு இறங்குகிற பெரிய நரம்பு ஒன்று இருக்கிறதாம், சயாட்டிக் நரம்பு என்று உனக்கு என்னைவிட நன்றாகத் தெரிந்திருக்கும், வயிறு முன்னால் இழுக்க இழுக்க இடுப்பு வளைகிறது, மூட்டுகள் தளர்ந்து கொடுக்கின்றன, அதில் அந்த நரம்பு கோபித்துக்கொள்கிறது. குழந்தை வேண்டுமென்று அதன் மேல் ஏறி உட்கார்ந்திருக்கவில்லை என்று சொல்லச் சொன்னாள். பெரும்பாலும் பிரசவத்துக்குப் பிறகு தானாகக் குறைந்துவிடுமாம். அதுவரைக்கும் இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்க வேண்டும், முழங்கால்களை மடக்கி, நடுவில் கணுக்கால் வரைக்கும் நீளமாக ஒரு தலையணை இருக்க வேண்டும், மேல்கால் கீழே சரிந்து இடுப்பை முறுக்கக்கூடாது, அதுதான் விஷயம் என்றாள். அவள் தலையணை என்று சொன்ன பிறகு மற்றது எதுவும் என் காதில் ஏறவில்லை, இரண்டாவது தடவை போய்க் கேட்டு வந்துதான் இதை எழுதுகிறேன்.

கடைக்கு வந்ததும் தைக்க உட்கார்ந்துவிட்டேன். அளவுக்கு நீ இல்லை, அம்மாதான் இருந்தாள். பெரிய மேஜையில் துணியை விரித்து அவளை ஏறிப் படுக்கச் சொன்னேன், வயிறு வேண்டுமே என்று வெட்டுத்துணிப் பை ஒன்றை எடுத்து அவள் வயிற்றில் கட்டினேன். இந்த வயசில் எனக்கு இது தேவையா என்று சொல்லிக்கொண்டே பையைத் தடவிப் பார்த்துக்கொண்டாள். அளவெடுத்து, வெட்டி, ஜிப் வைத்து, அடைத்து முடித்தேன், நல்ல உழைப்பு, ஒரு சுருக்கம் கிடையாது. அம்மா அதை முழங்கால்களுக்கு நடுவில் வைத்துக் கட்டிப்பிடித்துப் பார்த்துவிட்டு, பஸ் கண்டக்டரைப் பக்கத்தில் போட்டுப் படுத்த மாதிரி இருக்கிறது என்றாள். அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷமாக உட்காருகிறவர்களுக்கே அடைத்துப் பழகிய கை, பஸ் சீட்டு, பார்பர் கடை நாற்காலி, தியேட்டர் இருக்கை என்று யாரும் சரிந்துவிடாமல் நிமிர்ந்து உட்காரத்தான் அதற்கு அடைக்கத் தெரியும், படுக்கிறவளுக்கு அடைக்கத் தெரியவில்லை. என் மகள் தூங்குவதற்கு நான் ஒரு பஸ் சீட்டைத் தைத்திருக்கிறேன். அம்மா மேஜையில் படுத்தபடியே இன்னும் கொஞ்சம் எடுங்க, இன்னும் கொஞ்சம் எடுங்க என்று சொல்ல, நான் ஜிப்பைத் திறந்து பிடி பிடியாக ஃபைபர் பஞ்சை எடுத்துக்கொண்டே வந்தேன். ஒரு கட்டத்தில் எடுங்க என்ற குரல் நின்றுவிட்டது. பார்த்தால் தூங்கிவிட்டாள்.

நான் எழுப்பவில்லை. மெஷின் நின்றிருந்தது, தம்பி காரோடு போயிருந்தான், வெளியே மழை வருவதா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருந்தது. தியேட்டர் இருக்கை ஒன்றில் உட்கார்ந்து அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இடதுபக்கம் ஒருக்களித்து, தலையணையைக் காலால் பின்னிக்கொண்டு, வயிற்றில் கட்டின பையோடு தூங்குகிறாள், முகம் எப்படியோ அந்தக் காலத்து முகமாக மாறிப்போயிருந்தது, நீ இன்னும் பிறக்கவில்லையோ என்று எனக்கே ஒரு கணம் குழம்பிவிட்டது. அப்போது அவள் உதடு அசைந்தது. அதே அசைவுதான், தலைகூட அதே மாதிரி லேசாக ஆடியது. பொட்டலம், இத்தனை வருஷம் கழித்து அந்தப் பாட்டு என்ன பாட்டு என்று இன்றைக்குத் தெரிந்துவிடும் என்று சத்தம் போடாமல் எழுந்து போய் அவள் வாயருகே காதை வைத்தேன். நகருடி சனியனே, நரம்பு மேலயே குடித்தனம் பண்றே, உனக்கு வேற இடமே கிடைக்கலையா, வெளிய வா, உன் காலை உடைக்கிறேன் என்கிறாள். தூக்கத்தில், அந்தத் துணிப்பையைப் பார்த்து. ஒரு தாளம் தப்பவில்லை. நடுவில் என் பெயரும் வந்தது, அதோடு சேர்ந்து வந்த வார்த்தைகளை எழுத முடியாது.

விழித்ததும் கேட்டேன், நீ அன்றைக்கெல்லாம் மெஷினில் பாடவில்லையா என்று. முதலில் புரியவில்லை, புரிந்ததும் பையைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள் பார், மேஜையே ஆடியது. பாட்டா, மிதிக்க மிதிக்க வலது கால்ல உயிர் போச்சு, மெஷின் ஓடுறவரைக்கும் யார் காதுலயும் விழாதுன்னு வாய்க்கு வந்ததெல்லாம் திட்டினேன், நீங்க எதிர்ல நின்னு ஈன்னு சிரிச்சீங்க, அதுக்கும் சேர்த்துத் திட்டினேன் என்றாள். அப்புறம் ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றதற்கு, உங்க அக்கா ஊரெல்லாம் பாடினா பாடினான்னு சொல்லிட்டாங்க, சும்மா வர்ற நல்ல பேரை எதுக்கு விடணும் என்கிறாள். எனக்குக் கேட்க வேண்டியது வேறு ஒன்று இருந்தது. உன் விஷயத்தை வாயில் எடுக்காமல், சத்தியமாக எடுக்கவில்லை, அப்போ பிள்ளை மேல பாசம் இருந்துச்சா இல்லையா என்று சுற்றி வளைத்துக் கேட்டேன். கோணலாகப் போன பைப்பிங்கைப் பார்ப்பது மாதிரி என்னைப் பார்த்தாள். பிறகு வயிற்றுப் பையின் கட்டை அவிழ்த்துக்கொண்டே சொன்னாள், இருந்துச்சு, சில நாள் அதுவும் இல்ல, பொறந்து ஒரு வாரம் ஆகியும் என்னைத் தூங்க விட்டாப் போதும்னுதான் இருந்துச்சு, அப்புறம் ஒரு நாள் பஞ்சுத் தூள் மூக்குல ஏறித் தும்மினா, அவ்வளவு சின்ன மூக்குக்கு அவ்வளவு பெரிய தும்மல், தும்மிட்டு என்னமோ நான்தான் தும்மின மாதிரி என்னைக் கோபமாப் பார்த்தா, அன்னைக்கு விழுந்தவதான் நான், இன்னும் எழுந்திருக்கல என்றாள்.

பொட்டலம், இதைத்தான் உனக்கு எழுத வேண்டும் என்று இத்தனை பக்கம் சுற்றி வந்தேன். உனக்குப் பாட்டுப் பாடிய அம்மா ஒருத்தி இல்லவே இல்லை. வலி தாங்காமல் உன்னைத் திட்டிக்கொண்டு, சில நாள் நீ வேண்டாம் என்று நினைத்துக்கொண்டு, கூடவே ஒரு தையல் தப்பாமல் தைத்துக்கொண்டு உன்னைச் சுமந்தவள்தான் உனக்கு அம்மா. அவளிடம் உனக்கு என்ன குறைந்தது என்று நீயே யோசித்துப் பார். நீ திட்டுவதால் நீ கெட்ட அம்மா ஆகிவிட மாட்டாய், வலிக்கிற ஆள் அவ்வளவுதான். ஆனால் வலி இல்லாத நேரத்திலும் மனசு இருட்டிக்கொண்டே போகிறது, எதிலும் பிடிப்பு இல்லை என்றால் அதையும் உன் டாக்டரிடம் சொல், கால் வலியைச் சொல்கிற மாதிரியே சொல், அதுவும் உடம்பு சங்கதிதான் என்று மேல்மாடிப் பெண் சொன்னாள். அம்மாவிடமும் சொல்லலாம், இப்போது உனக்குப் பயம் வேண்டாம். மேஜையை விட்டு இறங்கும்போது அவளே சொன்னாள், அவளும் இப்ப வாயை மூடிக்கிட்டா இருப்பா, திட்டட்டும், ஆனா தமிழ்ல திட்டச் சொல்லுங்க, மாப்பிள்ளைக்குத் தெரிஞ்ச தமிழ் நல்லா இருக்கீங்களா மாமாங்கிறதோட முடிஞ்சுபோகுது, பிள்ளைக்குத் தமிழ் வேற எங்க காதுல விழப்போகுது என்றாள்.

இனி தலையணை, அடைத்தால் பார்சலில் அடங்காது என்று உறையை மட்டும் அனுப்பியிருக்கிறேன். அங்கே கடையில் சாதாரண ஃபைபர் தலையணைகள் வாங்கிப் பிரித்து இதற்குள் போடு. முழங்கால் வருகிற இடத்தில் கொஞ்சம் கெட்டியாக, மேலே நீ கட்டிப்பிடிக்கிற இடத்தில் தளர்வாக, கணுக்கால் பக்கம் இரண்டுக்கும் நடுத்தரமாக. மாப்பிள்ளையை அடைக்கச் சொல், மாவு பிசைகிற கை, பதம் தெரியும். வயிற்றுக்கு அடியில் ஒரு துண்டை மடித்து வைத்துக்கொள். எழுந்திருக்கும்போது மல்லாந்தபடி எழாதே, இரண்டு முழங்காலையும் சேர்த்துப் பக்கவாட்டில் புரண்டு, காலைத் தொங்கவிட்டு, கையை ஊன்றி எழு. சுடுதண்ணீர்ப் பையைத் துணியில் சுற்றி இடுப்பின் பின்பக்கம் மட்டும் கொஞ்ச நேரம் வை, வெதுவெதுப்பாக இருந்தால் போதும், வயிற்றில் வைக்காதே. கவுன்டரில் நிற்கும்போது காலடியில் சின்னப் பலகை ஒன்று வைத்து ஒரு காலை மாற்றி ஒரு காலை அதில் ஏற்றிக்கொள், முதலாளியிடம் உயரமான ஸ்டூல் ஒன்று கேள், கேட்டால் வேலை போய்விடாது, நீ இல்லாவிட்டால் அந்தக் கடையில் எந்த மருந்து எங்கே இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது என்று நீயே பீற்றிக்கொண்டாய். குனிந்து பெட்டி தூக்காதே. டாக்டர் சரி என்றால் நீச்சல் குளத்தில் இறங்கித் தண்ணீருக்குள் நட, பாரம் எல்லாம் தண்ணீர் வாங்கிக்கொள்ளுமாம். மாத்திரைகளின் பெயர் எல்லாம் தெரியும் என்பதற்காக அலமாரியிலிருந்து நீயாக ஒன்றை எடுத்துப் போட்டுக்கொள்ளாதே. அடுத்து எழுதுவதை ஒரு அப்பா மகளுக்கு எழுதக் கூச்சமாக இருக்கிறது, வெட்கப்படாம எழுதுங்க அங்கிள் என்று அந்தப் பெண் சொல்லியிருப்பதால் எழுதுகிறேன். கால் துவண்டு விழுந்தாலோ, தொடைகளுக்கு நடுவில் மரத்துப்போனாலோ, ஒன்றுக்கு இரண்டுக்கு அடக்க முடியாமலோ வராமலோ போனாலோ, இடுப்பு வலி விட்டு விட்டு வந்து வயிறும் கல்லாக இறுகினாலோ, காய்ச்சல் அடித்தாலோ, ரத்தம் பட்டாலோ, காத்திருக்காதே, மாப்பிள்ளை வரட்டும் என்று பார்க்காதே, உடனே ஆஸ்பத்திரி. கால் என்னுடையதாகவே இல்லை என்றாயே, அதைக் கடிதம் கிடைத்த வாரமே டாக்டரிடம் அதே வார்த்தையில் சொல்ல வேண்டும். சொன்னேன் என்று எனக்கு ஒரு வரி அனுப்பினால்தான் தியேட்டர்காரர்களுக்கு அவர்கள் நாற்காலிகள் கிடைக்கும்.

அம்மா அடுத்த மாதம் அங்கே வருகிறாள், தம்பி டிக்கெட் பார்த்துக்கொண்டிருக்கிறான். நான் கடையில் இருக்கிற வேலையை முடித்துவிட்டுப் பின்னால் வருவேன். உன் வலி குறையட்டும், நல்லபடியாகப் பெற்று எழு, நீயும் பிள்ளையும் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். மறந்துவிடாதே, இடதுபக்கம் ஒருக்களித்து, இரண்டு முழங்காலுக்கும் நடுவில் தலையணை.

இப்படிக்கு,
உன்னை நினைத்துக்கொண்டே நிற்கிற
அப்பா

அம்மா ஒரு வரி எழுத வேண்டும் என்று பேனாவைப் பிடுங்கிக்கொண்டாள். உனக்கு இல்லையாம், உள்ளே இருக்கிற ஆளுக்காம். சத்தமாகப் படித்துக் காட்டச் சொல்கிறாள்:

ஏய், உன் அம்மாவைக் கொஞ்சம் தூங்க விடு. அவ உனக்கு அம்மா ஆகறதுக்கு முன்னாலேயே எனக்குக் குழந்தை.